குச்சி ஊன்றியும் சாயும் தக்காளி

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 12 தக்காளிச் செடிகள் இருக்கின்றன. காய் பிடித்ததும் செடிகள் சாய்ந்ததால் குச்சி ஊன்றிக் கட்டப்பட்டது. அடுத்த சில நாட்களில் 2 செடிகள் வாடிவிட்டன. ஒன்று, கட்டிய இடத்திலேயே ஒடிந்துவிட்டது. பக்கக் கிளைகளைக் கிள்ளினால் பாரம் குறையும் என்று பக்கத்து வீட்டில் சொன்னபடி கிள்ளியதில் காய்ப்பும் குறைந்துவிட்டது. மீதிச் செடிகளைக் காப்பாற்ற முடியுமா?
- வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: காப்பாற்றலாம். ஆனால் வாடியது, ஒடிந்தது, காய்ப்பு குறைந்தது ஆகிய மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல.

முதலில் வாடிய செடிகள். காய் பிடிக்கும் பருவத்தில் தக்காளியின் வேர் தண்டைச் சுற்றி நன்றாகப் பரவியிருக்கும். அப்போது தண்டை ஒட்டிக் குச்சியை அடித்து இறக்கினால் வேர்கள் அறுபடும். காயைச் சுமந்து நிற்கும் செடிக்கு அந்த நேரத்தில்தான் தண்ணீர்த் தேவையும் அதிகம். ஆனாலும் பழியைக் குச்சி மேல் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. வாடிய செடியைப் பிடுங்கி, அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தச் செடியை வேர் மண்ணோடு அப்புறப்படுத்திவிட்டு, அதே குழியில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்கக் கூடாது. இழை இறங்காவிட்டால் வேர் அறுந்ததே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வயலில் நட்ட 30 நாளில் குச்சி ஊன்றுவது வழக்கம். பத்துப் பன்னிரண்டு செடி வைக்கும் வீட்டில் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்று நடும் அன்றைக்கே ஊன்றிவிடலாம். வேருக்குச் சேதம் வராது. தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, ஓர் அடி ஆழம் இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் குச்சி இருந்தால், செடி குச்சியில் போய் மோதித் தேயாது. ஆடிக் காற்றுக்கு மேற்கே, ஐப்பசி மழைக்கு வடகிழக்கே.

இனி ஒடிந்த செடி. கட்டிய இடத்தில் ஒடிந்தது என்றாலே கட்டு இறுக்கம் என்று பொருள். பிளாஸ்டிக் சணல், கம்பி, நைலான் கயிறு எல்லாம் தண்டு பருக்கப் பருக்க அதன் தோலை அறுத்துவிடும். வாழை நாரோ, பழைய பருத்திச் சேலையைக் கிழித்த பட்டையோ போதும். கடையில் விற்கும் எந்தக் கயிறும் அதற்கு ஈடாகாது. முதலில் குச்சியில் இறுக்கமாக ஒரு முடிச்சு, பிறகு 8 எழுதுவதுபோல் திருப்பிக் கொண்டுவந்து தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு முடிச்சு. தண்டுக்கும் நாருக்கும் இடையே சுண்டுவிரல் நுழைய வேண்டும். பூங்கொத்துக்கு நேர் கீழே கட்டாமல் இலைக்காம்புக்குக் கீழே கட்டினால் காய்ப்பாரம் நாரின் மேல் விழாது. செடி ஓர் அடி வளர வளர அடுத்த கட்டு.

ஒடிந்த தண்டு ஒரு பக்கம் தோலோடு தொங்கிக்கொண்டிருந்தால் நிமிர்த்திச் சேர்த்து, ஈர்க்குச்சி வைத்துத் துணியால் சுற்றிக் கட்டலாம், பெரும்பாலும் கூடிவிடும். முழுதாக முறிந்துவிட்டாலும் நுனியை எறிய வேண்டாம். ஒரு சாண் நீளம் நறுக்கி, பூவையும் கீழ் இலைகளையும் நீக்கிவிட்டு, நிழலில் ஈர மண்ணில் செருகி வைத்தால் பத்து நாளில் வேர் விடும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்ற காய் இது. ஒரு செடி திரும்பக் கிடைப்பதும் லாபம்தான்.

காய்ப்பு குறைந்ததற்குக் கிள்ளியதே காரணமாக இருக்கலாம். தக்காளியில் ஓரளவு வளர்ந்து நின்றுவிடும் குட்டை வகையும், நுனி நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் நெட்டை வகையும், இரண்டுக்கும் நடுவே உள்ளதும் உண்டு. கோ 3 குட்டை. பூசா ரூபியும் பெரும்பாலான செர்ரி தக்காளிகளும் நெட்டை. அர்கா ரக்ஷக் நடுத்தரம். விதை உறை இல்லாவிட்டால் செடியையே பார்க்கலாம். நுனி ஒரு பூங்கொத்தோடு முடிந்துபோனால் குட்டை. ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று இலைகள் வந்து, நுனி மேலே போய்க்கொண்டிருந்தால் நெட்டை. நெட்டை வகைக்கு ஆறடிக் குச்சி வைத்து, இலைக் கக்கத்தில் வரும் தளிர்களை விரல் நீளம் ஆவதற்குள் கிள்ளிவிடலாம். குட்டை வகையில் பக்கக் கிளைகள்தான் காய்க்கும். அவற்றைக் கிள்ளுவது காயைக் கிள்ளுவதுதான். தரையிலிருந்து ஓர் அடி வரை உள்ள கிளைகளை மட்டும் நீக்கினால் போதும். மழையில் தெறிக்கும் மண்ணோடு இலைக்கருகல் ஏறுவது குறையும். கோடையில் இலைகளை அதிகம் கழித்தால் காயில் வெயில் பட்டு வெள்ளைத் தழும்பு விழும்.

இப்போது சாய்ந்திருக்கும் செடிகளை ஒரே மூச்சில் நிமிர்த்தக் கூடாது, ஒடிந்துவிடும். தண்டிலிருந்து முக்கால் அடி தள்ளி நான்கு பக்கமும் குச்சி நட்டு, சுற்றிலும் இரண்டு அடுக்குச் சணல் கட்டி, இரண்டு மூன்று நாளில் சிறிது சிறிதாகத் தூக்கி அந்தக் கூண்டின் மேல் சாய்த்துவிட வேண்டும். மாலையில் செய்வது நல்லது; காலையில் தண்டு தண்ணீர் ஏறி விறைப்பாக இருக்கும். தூக்கவே முடியாத செடி கிடக்கட்டும். சாய்ந்த செடியும் காய்க்கும். மண்ணில் படும் காய்தான் அழுகும். அடியில் வைக்கோலைக் கனமாகப் பரப்பிவிட்டால் காய் தப்பும்.

குச்சிக்குச் சவுக்கு, மூங்கில் பிளாச்சு, காய்ந்த துவரை மிளார் எதுவும் ஆகும். கிளைரிசிடியாவைப் பச்சையாக ஊன்றினால் தக்காளிக்கு முன் அது தழைத்துவிடும். கரையான் உள்ள மண்ணில் குச்சியின் அடிப்பகுதியை ஓர் அடி வரை தீயில் கருக்கி ஊன்றலாம். பருவம் முடிந்ததும் பிடுங்கிய குச்சிகளை மண் போகக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த பயிருக்கு எடுக்க வேண்டும்.