வீண் பேச்சா, விழிப்பா?

இராயபுரத்துத் தேநீர்க் கடையிலே நாலு பேர் கூடினால் அரசியல், கேரம், குடிதண்ணீர் மூன்றும் அலசப்படும். "வேலையற்றோர் வீண் பேச்சு" என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம், எது வீண்?

தெருமுனைக் கேரமும் வீண்பொழுது என்றுதான் இகழப்பட்டது. 2024-இல் புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, அமெரிக்காவிலே நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றாரே!

சாம்பலைப் பற்றியும் கழிமுகத்தைப் பற்றியும் எண்ணூர் மீனவர் பல்லாண்டு பேசினர். கேட்டவர் எத்தனை பேர்? 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிப் படகும் வலையும் பாழாயின. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பத்திலே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் தெருவுக்கு ஓடினர்.

தோழர்களே! பேசுங்கள்; தேநீரோடு முடித்துவிடாதீர்கள். நாலு பேர் கருத்தை நாற்பது கையெழுத்தாக்குங்கள். வார்டுக் கூட்டத்திலே எழுந்து நின்று கேளுங்கள். மன்றத்திலே அமர்ந்திருப்போர்க்கும் ஒரு சொல்: பகலிலே ஊரார் பேச்சுக்குச் செவி கொடுத்தால், இரவிலே ஊர் ஓட வேண்டியிராது!