பாட்டுதானே என்று சொல்லாதீர்கள்!



தைப்பூச உறுமி மேளத்தைப் பற்றித் தேக்கா காப்பிக் கடையில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் குறுக்கிட்டார்: "பாட்டுதானே தம்பி, இதற்குப் போய் உரிமை கிரிமை என்கிறாயே, சோற்றுக்கு வழி பார்." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நம்மை இப்படிப் பேசப் பழக்கியவர்கள் மேல்தான் கோபம். அவருக்கு நான் சொன்னது ஒரு வானொலி அறிவிப்பாளரின் கதை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் ஷெல்லி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினத்தவர் இருந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தவர். கொன்றது பெற்ற தகப்பன். 1949ல் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தார். 50 ஆண்டுகளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. தன் மக்களின் பாட்டை ஊருக்கெல்லாம் கொடுப்பதே அவர் வேலை. தேவாலயப் பாட்டும் தெருப்பாட்டும் கலந்து பிறந்த சோல் இசை அது. (கடவுள் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று அதைத் திட்டிய பெரியவர்கள் அங்கேயும் உண்டு!)

வெள்ளைப் பிள்ளைகளும் ரகசியமாக அவரைக் கேட்டார்கள். 1960ல் பக்கத்து ஊரான பெஸ்ஸமரில் ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போனபோது, கு கிளக்ஸ் கிளான் வெறியர்கள் அவரைத் தாக்கக் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். அவர்களை எதிர்த்து நின்று அவரைத் தப்பவைத்தவர்கள் அந்த வெள்ளை இளைஞர்களே. எந்தச் சட்டம் செய்யும் இதை? பாட்டு செய்தது.

1963 மே மாதம். நிறவெறிக்கு எதிராகப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போக வேண்டும். போலீசுக்குத் தெரியாமல் சேதி சொல்வது எப்படி? பாட்டுக்கு நடுவே ஸ்டூவர்ட்டும் சக அறிவிப்பாளர்களும் சொன்னார்கள்: பூங்காவில் விருந்து இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாருங்கள். சிறைக்குப் போகத் தயாராக வா என்று பொருள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. மே 2ஆம் தேதி நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மறுநாள் நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கியையும் ஏவினார்கள். உலகமே பார்த்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூர் அரசியலமைப்பின் 153ஏ பிரிவு தமிழை அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைக்கிறது. சிறுபான்மையினர் நலனை இடைவிடாமல் பேணுவது அரசின் பொறுப்பு என்கிறது 152ஆம் பிரிவு. ஆனால் 1973ல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக் கருவிகளுக்குத் தடை வந்தது. சண்டை சச்சரவு என்று காரணம் சொன்னார்கள். சண்டை போட்டவனைப் பிடிப்பதா, மேளத்தைப் பிடிப்பதா? 2015ல் மூன்று இந்துக்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், மனு தள்ளுபடியானது. 2016ல் பாதையில் மூன்று இடங்களில் வாசிக்க அனுமதி கிடைத்தது. 40 ஆண்டுகளுக்கும் மேலான மௌனத்துக்குப் பிறகு! வழக்கில் தோற்றவர்கள் வீணாகப் போகவில்லை என்றுதான் ஒரு வழக்கறிஞராக நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. உறுமி, பறை என்றால் "காட்டுச் சத்தம்" என்று முகம் சுளிப்பவர்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் நம் பாட்டன்மாருக்குத் துணையிருந்த பாட்டை நாமே இழிவாகப் பேசிவிட்டு, அடுத்தவன் மதிக்கவில்லை என்று எப்படி வழக்காடுவது?

சிங்கப்பூரில் நமக்கென்று உள்ள தமிழ் அலைவரிசை ஒலி 96.8 ஒன்றுதான். டாக்சி ஓட்டும்போதும் சமைக்கும்போதும் கேட்கிறீர்கள் அல்லவா? அடுத்த முறை விருப்பப் பாடல் கேட்கும்போது சினிமாப் பாட்டோடு நிறுத்தாதீர்கள். ஓர் உறுமிப் பாட்டு கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.