முழுமையாய்க் கேளாமல் தீர்ப்பெழுதலாமா?



2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். மாணவர் ஒழுக்கம் பற்றிப் பேச வந்தவர், திரையில் ஒரு காணொளித் துண்டைக் காட்டினார். முகமூடி அணிந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடந்துவந்து, இறைச்சி அரைக்கும் பெரிய இயந்திரத்துக்குள் விழுகிறார்கள். பின்னணியில் பிள்ளைகளின் குரல்கள் பள்ளியையும் ஆசிரியரையும் எதிர்த்து முழங்குகின்றன. ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. நிறுத்திவிட்டு, "இப்படிப்பட்ட பாட்டைக் கேட்டு வளரும் பிள்ளை ஆசிரியரை மதிக்குமா?" என்று கேட்டார். மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை, ஆனால் எழுந்து மறுத்துப் பேசவும் இல்லை. அந்த உறுத்தல்தான் இந்தப் பதிவு.

அப்பாடல், பிங்க் ஃபிளாய்டு என்னும் ஆங்கிலேய இசைக்குழு 1979 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட 'தி வால்' என்னும் இரட்டை இசைத்தட்டில் உள்ளது. 'தி வால்' என்றால் 'சுவர்'. திரையில் கண்ட காட்சி, அத்தட்டை ஒட்டி ஆலன் பார்க்கர் இயக்கி 1982-இல் வெளிவந்த திரைப்படத்தைச் சேர்ந்தது. இசைத்தட்டில் 26 பாடல்கள். அத்தனையும் சேர்ந்து ஒரே கதை. கம்பராமாயணத்தில் கூனி கைகேயியின் மனத்தைக் கலைக்கும் இடத்தை மட்டும் படித்துக் காட்டிவிட்டு, 'பார்த்தீர்களா, கம்பர் குடும்பத்தைக் கெடுக்கக் கற்றுத் தருகிறார்' என்று ஒருவர் சொன்னால் நாம் கைதட்டுவோமா?

கதை இதுதான். பிங்க் என்பவன் ஒரு பாடகன். தந்தை போரில் மடிந்தார். தாய் அவனை மூச்சுமுட்டப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். பள்ளி அவமானப்படுத்தியது. மணவாழ்க்கை முறிந்தது. ஒவ்வொரு காயமும் ஒரு செங்கல்லாகிறது. அவனே அவற்றை அடுக்கித் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறான். உள்ளே தனியாகக் கிடந்து அழுகிப்போய், இறுதியில் பிறரை வெறுக்கத் தூண்டும் கொடுங்கோலனாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்ளும் அளவுக்குப் போகிறான். பின்னர் அவன் மனத்துக்குள்ளேயே ஒரு வழக்கு மன்றம் கூடுகிறது. ஆசிரியரும் அங்கே வருகிறார், சாட்சியாக! குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் பிங்க்தான். சுவரை இடித்துத் தள்ளுக என்பது தீர்ப்பு.

சர்ச்சைக்குரிய அந்தப் பாட்டுக்குச் சற்று முன், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான சிறிய பாட்டு ஒன்று உண்டு. பயிலரங்குப் பேச்சாளர் அதைக் கேட்டிருக்க மாட்டார் என்றே கருதுகிறேன். வகுப்பில் பிள்ளைகளைச் சொல்லால் குத்திக் கிழிக்கும் ஆசிரியர்கள், வீட்டுக்குப் போனதும் மனைவியின் கையால் அடிவாங்குவதாக அதில் வருகிறது. கொடுமை மேலிருந்து கீழே கைமாறி வருகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பாட்டை நான் அதிகம் கேட்டதில்லை. அது ஆசிரியரையும் அடிபட்ட மனிதராகத்தான் காட்டுகிறது.

இக்கதையை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் யார் தெரியுமா? தந்தையும் ஆசிரியர், தாயும் ஆசிரியை. தந்தை எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் உயிரிழந்தபோது மகன் ஐந்து மாதக் குழந்தை. தாய்தான் வளர்த்து ஆளாக்கினார். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை எழுதியதை ஆசிரியர் குலத்துக்கே எதிரானது என்று முத்திரை குத்துவதற்கு முன் சற்றே நிதானிக்க வேண்டாமா?

"எல்லாம் சரி ஐயா, அது வெறும் இரைச்சல்தானே" என்றார் தேநீர் இடைவேளையில் நண்பர் ஒருவர். இந்தக் குழு நடந்து வந்த பாதையை அவர் அறியார். 1967-இல் வந்த முதல் இசைத்தட்டு பெரும்பாலும் சிட் பாரெட் என்னும் இளைஞரின் கற்பனை விளையாட்டு. அவர் மனநலம் குன்றி 1968-இல் விலக நேர்ந்தது. டேவிட் கில்மோர் வந்து சேர்ந்தார். 1971-இல் 'எக்கோஸ்' என்ற ஒரே பாட்டை ஏறத்தாழ 23 நிமிடம் நீட்டி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பினார்கள். அதில் சொற்கள் குறைவு; இசையே ஊர்ந்து ஊர்ந்து இடத்தை நிரப்பும். 1973-இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்': காலம், பணம், சாவு, பைத்தியம் என்று மனித வாழ்வை அழுத்துவனவற்றை ஒன்றோடொன்று ஒட்டிய பாடல்களாக்கினார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 700 வாரங்களுக்கும் மேல் இடம்பெற்றது. 1977-இல் 'அனிமல்ஸ்'. அதிலும் நீண்ட பாடல்கள்தாம்.

அதற்கு அடுத்ததுதான் 'சுவர்'. நீட்டி முழக்கத் தெரிந்தவர்கள் இப்போது வெட்டிச் சுருக்குகிறார்கள். கதைக்கு இரண்டு நிமிடம் போதுமென்றால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரே மெட்டு மூன்று முறை வருகிறது: முதலில் தந்தையில்லாப் பிள்ளையின் ஏக்கமாக, பின்பு பள்ளியை எதிர்க்கும் முழக்கமாக, மூன்றாம் முறை எவரும் வேண்டாம் என்னும் வெறியாக. நாம் சண்டை போடுவது அந்த இரண்டாவதோடு மட்டும்! மற்ற இரண்டையும் அருகில் வைத்துக் கேட்டால்தான், அந்த முழக்கம் எங்கிருந்து பிறந்து எங்கே போய் முடிகிறது என்பது விளங்கும். என் அண்ணன் வாங்கிவந்த ஒலிநாடாவில் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு ஆடிய இடைநிலைப்பள்ளி மாணவன்தான் நானும். மூன்றும் ஒரே மெட்டு என்பது உறைக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

குறையே இல்லாத படைப்பு என்று நான் வாதிடவில்லை. தாயையும் மனைவியையும் வெறும் செங்கற்களாகவே பார்ப்பது எனக்கு உடன்பாடன்று. இதை உருவாக்கிய காலத்தில்தான் விசைப்பலகைக் கலைஞர் ரிச்சர்ட் ரைட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு சம்பளத்துக்கு வாசித்தார். சுவரைப் பற்றிப் பாடியவர்கள் தமக்குள்ளேயே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி, அந்தப் பிள்ளைகளின் குரலுக்கு வருவோம். அவர்கள் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்கள். இசையாசிரியர் ஆலன் ரென்ஷா, பக்கத்திலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் 23 பேரைப் பாட வைத்தார். அக்குரல்களையே பலமுறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெருங்கூட்டமாக்கினார்கள். ஆசிரியரைப் பழிப்பதாக நாம் பதறும் பாட்டு, ஓர் ஆசிரியர் இல்லாமல் உருவாகியிருக்காது! பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. பள்ளிக்குக் கிடைத்தது ஆயிரம் பவுண்டு. பாடிய பிள்ளைகளுள் சிலர் வளர்ந்து பெரியவர்களாகி, 2004-இல் தமக்குரிய உரிமைத் தொகையைக் கேட்க வேண்டியிருந்தது. கண்டிக்க வேண்டுமென்றால் இதைக் கண்டியுங்கள், நானும் உடன் வருகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980-இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு வெள்ளையருக்கு ஒரு கல்வி, மற்றவர்க்கு ஒரு கல்வி என்று பிரித்து வைத்திருந்ததை எதிர்த்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கையிலெடுத்த பாட்டு இதுதான். அரசு அதைத் தடை செய்தது. அம்மாணவர்கள் கல்வியை வெறுத்தவர்களா? நல்ல கல்வி எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டவர்கள் அல்லவா? தடை போட்டவர்கள் யார் பக்கம், பாடியவர்கள் யார் பக்கம் என்று எண்ணிப் பாருங்கள்.

திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. சிறுவன் எழுதிய கவிதையை ஆசிரியர் பிடுங்கி, வகுப்பெல்லாம் சிரிக்கும்படி ஏளனமாகப் படிப்பார். அதை முதன்முறை பார்த்தபோது என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கட்டுரையை நான் அப்படித்தான் படித்துக் காட்டினேன். பிழைகளை அழுத்தி அழுத்திப் படித்தேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் கட்டுரை ஏட்டில் நான்கு வரிக்கு மேல் எழுதவில்லை.

பயிலரங்கு ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதியுள்ளேன். அடுத்த முறை அந்த இசைத்தட்டின் முதற்பக்கத்தை முழுமையாக ஒலிக்கவிட வேண்டும், ஏறத்தாழ இருபது நிமிடந்தான் ஆகும், ஒலிபெருக்கியை நானே தூக்கி வருகிறேன் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.