வேகமான பக்கம்

எங்கள் அலமாரியிலிருந்து எந்தத் தொகுப்பை வேண்டுமானாலும் உருவிப் பாருங்கள், ஒரு மெதுவான பாட்டு தேறாது. இருபது பாட்டு என்றால் இருபதும் பாய்ச்சல். அந்தக் காலத்து டென்னசி, டெக்சாஸ், ஆர்கன்சா பையன்களுக்குக் கத்துவதையும் குதிப்பதையும் தவிர வேறு ஜோலியே இல்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். அப்படி நம்பும்படி நாங்களே செய்துகொண்டோம் என்பதுதான் சரி.

ராக்கபில்லி தட்டு சேர்க்கும் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நானும் அதில் ஒருவன். வெள்ளைக்காரக் கிராமத்துக் கன்ட்ரி பாட்டும் கறுப்பர்களின் ப்ளூஸும் கலந்து, ஆளுயர பாஸின் கம்பியை இழுத்துவிட்டுச் சடசடவென்று அடித்து, குரலுக்கு ஒரு எதிரொலியும் வைத்து 1954 முதல் நாலைந்து வருடம் ஓடிய இசை அது. எல்விஸ் கிளம்பிய மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவை எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு எல்விஸ் தேவையில்லை. சொந்தக் காசில் சில நூறு தட்டு அடித்து, காரின் டிக்கியில் வைத்து ஊர் ஊராக விற்றுப் பார்த்து, விற்காமல் வேறு வேலைக்குப் போனானே, அவன்தான் வேண்டும்.

நிமிடத்துக்கு 45 முறை சுழலும் அந்தத் தட்டுகளுக்கு இரண்டு பக்கம். ஒன்றில் வேகம். மற்றதில் பெரும்பாலும் விட்டுப்போன பெண்ணை நினைத்து உருகும் கன்ட்ரி பாட்டு. தொகுப்பு போட்டவர்கள் வேகமான பக்கத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டது நாங்கள். சார்லி ஃபெதர்ஸை எங்கள் சாமிகளில் ஒருவராக வைத்திருக்கிறோம். மீட்டியர், கிங் கம்பெனிகளுக்கு அவர் 1956இல் பாடிய துள்ளல் பாட்டுகள் எங்களுக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் சன் ஸ்டுடியோவின் சாம் ஃபிலிப்ஸிடம் அவர் பதிவுசெய்து வெளியானதெல்லாம் கன்ட்ரி. எல்விஸுக்குக் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் வாங்கிக் கொடுத்த பாட்டை எழுதிய இருவரில் இவரும் ஒருவர். அதையெல்லாம் சம்பிரதாயத்துக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கத்தலுக்குப் போய்விடுவோம்.

நாங்கள் ஊன்றிப் படிப்பதும் உண்டு. தட்டு கைக்கு வந்ததும் விளக்கின் கீழே சாய்த்துப் பிடிப்போம். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும், அதில் ஆணியால் கீறியதுபோல எண்கள். சின்சினாட்டியில் ரைட் என்று ஒரு அச்சகம் பணம் கட்டிய யாருக்கும் தட்டு அடித்துக் கொடுத்தது. அந்த எண்ணை வைத்தே ஆண்டைச் சொல்லிவிடும் சூரர்கள் எங்களில் இருக்கிறார்கள். லேபிளில் அடைப்புக்குறிக்குள் பாட்டெழுதியவர் பெயர் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

என் முதல் தொகுப்பின் பின்னட்டையில் ஏழாவது பாட்டுக்கு நேரே, பாடியவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்று அச்சடித்திருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. தங்கத்துக்கு முத்திரை மாதிரி எங்களுக்கு அந்த வரி. அந்தப் பாட்டில் இரண்டாவது சரணத்தில் பாடகர் லேசாக இருமுவார். பின்னால் யாரோ சிரிப்பார்கள், கிட்டார் அரை நொடி தடுமாறி மறுபடி ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். நூறு தடவை கேட்டிருப்பேன். சிரித்தது யார் என்று ஒரு தடவையும் யோசிக்கவில்லை. தொகுப்புகள் மலை மலையாக வந்த 1980 வாக்கில் இந்தப் பையன்களுக்கு நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். டெலிபோன் டைரக்டரியில் பெயர் இருந்திருக்கும். தேடிப் பிடித்தவர்கள் சிலர் இருந்தார்கள். நாங்கள் அவர்கள் எழுதியதைப் படித்தோம், அதோடு சரி.

ஹேங்க் மைசெல் என்பவர் 1958இல் சிகாகோவில் ஒரு சின்னக் கம்பெனிக்காகப் பாடிய ‘ஜங்கிள் ராக்’ அன்று எடுபடவில்லை. ஹாலந்தில் ஒருவர் அதைத் தோண்டியெடுத்துத் தொகுப்பில் சேர்த்தார். 1976இல் தனித்தட்டாக வந்து பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. மைசெலுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் வாதங்களுக்கெல்லாம் இதுவே பிரம்மாஸ்திரம்: பார்த்தீர்களா, நாங்கள் இல்லாவிட்டால் இவர் ஏது? மற்ற ஆயிரம் பேருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை ஐம்பது வருடமாக இருந்தது. 2013இல் எழுபதாக்கினார்கள், ஆனால் 1963க்கு முன் வெளியானவற்றுக்கு அது பொருந்தவில்லை. ஆக 1950களின் தட்டுகளை அங்கே யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அமெரிக்காவிலோ அவற்றில் 1957 முதல் வந்தவற்றுக்கு 2067 வரை உரிமை உண்டு. பாடியவர் அமெரிக்காவில், சட்டம் தளர்ந்த இடம் ஐரோப்பாவில், மலிவான பத்து சிடி பெட்டி எங்கள் வீட்டில்.

இதைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. பில்லி லீ ரைலியின் ‘ரெட் ஹாட்’ இல்லாமல் எங்கள் பேச்சு முடியாது. 1957இல் அவர் பாடியதை 1955இலேயே அதே சன் கம்பெனியில் எழுதிப் பாடியவர் பில்லி எமர்சன் என்ற கறுப்பர். எங்கள் தொகுப்புகளில் ரைலி இருப்பார், எமர்சன் வேறு அலமாரி. 2023இல்தான் அவர் காலமானார், தொண்ணூற்றேழு வயதில். இதற்கிடையில் அட்டைகளிலும் எங்கள் ஜாக்கெட் முதுகிலும் என்ன இருந்தது தெரியுமா? அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி. கேட்டவர்களிடம், சும்மா ஒரு ஸ்டைல் என்றோம். கறுப்பர் யாராவது அந்தக் கூட்டத்துக்குள் வந்து நின்றால் என்ன நினைப்பார் என்று பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. பேசவில்லை என்றே எழுதிவிடலாம்.

வேறு வழியே இல்லாமல் போய்விடவில்லை. மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கத்தில் வீட்டிலேயே டிரம், கிட்டார் எல்லாவற்றையும் ஒரே ஆளாக வாசித்துப் பதிவுசெய்த ஹேசில் ஆட்கின்ஸுக்காக, பில்லி மில்லரும் மிரியம் லின்னாவும் 1986இல் நார்ட்டன் என்ற கம்பெனியையே தொடங்கினார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது. நாங்களும் அந்தத் தட்டை வாங்கினோம். வாங்கி, எண் பார்த்து, உறை போட்டு வைத்தோம்.

போன மாதம் அந்த ஏழாவது பாட்டின் அசல் தட்டு கிடைத்தது. இருமலைச் சரிபார்த்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் முறையாக மறுபக்கத்தைப் போட்டேன். மெதுவான பாட்டு. ஓர் இடத்திலும் பிசிறில்லை, பின்னால் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் பலமுறை பாடிப் பார்த்துத் தயாராகி வந்தது இந்தப் பக்கத்துக்குத்தான். லேபிளில் அடைப்புக்குறிக்குள் பாட்டெழுதியவர் பெயர் இருந்தது. ஒரு பெண், பாடகரின் குடும்பப் பெயர்தான் அவருக்கும். அக்காவோ, மனைவியோ, அம்மாவோ.