பாஸ் வாங்குமுன் முழங்காலைக் கேளுங்கள்

ரயில்வேக்காரனிடம் பாஸைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். டிராலியில் உட்கார்ந்தும் மீதி தூரம் நடந்தும் 37 வருஷம் தண்டவாளம் பார்த்தவன் நான். சலுகைப் பாஸ் வருஷத்துக்கு எத்தனை செட், சீசன் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு எத்தனை நாள் போய்வந்தால் தேறும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கணக்குதான் 2024 பிப்ரவரியில் குல்மர்க்கில் என் காலை வாரிவிட்டது. என் காலை என்றா சொன்னேன்? என் பேத்தியின் காலை.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்திக்குக் காத்திருந்தபோது இரண்டு குடும்பத்தார் என்னிடம் இதே விஷயத்தைக் கேட்டார்கள். ஒருவர் குழந்தைகளோடு குல்மர்க் போகிறார். இன்னொருவரின் மகள் ஜூரிக்கில் இருக்கிறாள். பெற்றோரை வரவழைத்துப் பனிச்சறுக்குக்கு அழைத்துப்போகப் போகிறாளாம். "எந்த பாஸ் சார் எடுக்கலாம்? பெரிய பாஸே எடுத்துட்டா கவலை இல்லையே?" என்றார் அவர். கவலையே அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்வதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

குல்மர்க் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அந்தப் புல்வெளியே ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் பெட்டிகள், கோண்டோலா என்கிறார்கள், இரண்டு கட்டமாக மேலே போகின்றன. முதல் கட்டம் 1998-இல் ஓடத் தொடங்கியது. சுமார் 3,100 மீட்டரில் உள்ள கோங்டூரி வரை போகும். 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வாட் மலைத்தோளில், 3,950 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. கம்பிவடத்தின் இழுவையையும் கோபுரங்களின் அமைப்பையும் அண்ணாந்து பார்த்தே எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. மனைவி கஹ்வாவைக் கையில் வைத்துக்கொண்டு, "ரிட்டயர் ஆகியும் இன்ஸ்பெக்ஷன் விடலையா?" என்றாள்.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பனிச்சறுக்கு கற்க வந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் கோண்டோலாவே வேண்டாம். கீழே புல்வெளியின் மென்சரிவில், இடுப்பைப் பிடித்துச் சிறிது தூரம் மேலே இழுத்துவிடும் சின்ன லிப்டுகள் போதும். நிற்கவும் திரும்பவும் விழுந்தால் எழவும் அங்கேதான் படிய வேண்டும். அஃபர்வாட் சரிவோ முற்றிலும் வேறு சங்கதி. ஐரோப்பாவில் செய்வதுபோல இயந்திரத்தால் வாரிச் சீர்செய்த பாதை அங்கே கிடையாது. விழுந்தது விழுந்தபடி கிடக்கும் பனி. உலகமெங்கிலுமிருந்து தேர்ந்த ஆட்கள் வருவதே அதற்காகத்தான். அவர்களுக்கே அது ஆபத்து. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டார் இருவர் இறந்தார்கள். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி, ரஷ்யர் ஒருவர் அதேபோல் போனார்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியாது என்று சொல்ல மாட்டேன். படித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் தில்லியிலேயே ஒரு ஏஜெண்ட், பெயர் எதற்கு, "ஐந்து பேருக்கும் மூன்று நாளைக்கு எல்லாம் சேர்த்து எடுத்துவிடுங்கள், அங்கே போனால் கிடைக்காது" என்று சொன்னார். கூட்டம் சேரும் மாதம் என்பது உண்மைதான். முன்கூட்டிக் காசு கட்டினேன். ஜனவரியில் போவதாக இருந்தோம். அந்த வருஷம் ஜனவரியில் குல்மர்க்கில் பனியே இல்லை, புல்வெளி பழுப்பாகக் கிடந்த படத்தைப் பத்திரிகைகளில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தேதியைப் பிப்ரவரிக்கு மாற்றியதற்கு ஒரு தொகை கழித்துக்கொண்டார். போன இடத்தில் ஒன்றரை நாள் காற்று. இரண்டாம் கட்டம் மூடியே கிடந்தது. காற்றடித்தால் நிறுத்துவதுதான் முறை. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பாதை சரியில்லை என்று வண்டியை நிறுத்தியவன் நானும்தான்.

மனத்தாங்கல் என் மீதே. மூன்றாம் நாள் வெயில் வந்தது. பதிமூன்று வயதுப் பேத்தி இரண்டு நாளில் நன்றாகவே தேறியிருந்தாள். கற்றுத்தரும் இளைஞர் அவளை முதல் கட்டத்தில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சறுக்கிக் கீழே அழைத்து வந்தார். நான் கீழே நின்று டைரியில் எண்ணிக்கொண்டிருந்தேன். இத்தனையாவது சவாரியோடு பாஸ் காசு தேறும் என்று காலையிலேயே வகுத்து வைத்திருந்தேன். மூன்றரை மணிக்கு மேல் வெயில் மலைக்குப் பின்னால் போயிற்று. சரிவின் மேல்பனி இறுக ஆரம்பித்தது. பிள்ளை வந்து பலகையைக் கழற்றினாள். "போதும் தாத்தா, கால் நடுங்குது" என்றாள். கணக்குக்கு ஒன்று குறைந்தது.

"பாஸ் இருக்கேம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடேன்" என்றேன்.

போனாள். நான் சொன்னதற்காகப் போனாள். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் பலகை ஒன்று கழலாமல் கால் திருகிக்கொண்டது. மீட்புப் பணியாளர்கள் ஸ்லெட்ஜில் கட்டிக் கீழே கொண்டுவந்தார்கள். தில்லியில் ஸ்கேன் எடுத்தபோது முழங்கால் லிகமெண்ட் பாதி கிழிந்திருந்தது. அறுவை வேண்டியிருக்கவில்லை, ஆனால் நான்கு மாதம் நடன வகுப்பு இல்லை, அந்த வருஷம் மேடையேற்றம் இல்லை. மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சீசன் டிக்கெட்டுக்கும் லிப்ட் பாஸுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீசன் டிக்கெட்டில் உழைப்பது எஞ்சின். நாம் உட்கார்ந்திருக்கிறோம், அல்லது தொங்கிக்கொண்டிருக்கிறோம். எத்தனை முறை போனாலும் லாபம்தான். லிப்ட் பாஸில் எஞ்சின் மேலே ஏற்றுவதோடு சரி. கீழே வருவது நம் தொடையும் முழங்காலும். ஆகவே பாஸ் காசு தேறும் எண்ணிக்கையை முதலில் போட்டுவிட்டு அதற்குக் காலை இழுப்பது தலைகீழ்க் கணக்கு. நாளொன்றுக்குக் கால் எத்தனை தாங்கும் என்று முதலில் பார்த்து, அதற்கு எந்தச் சீட்டு மலிவு என்று பார்க்க வேண்டும். கற்றுக்கொள்பவனுக்குப் பெரும்பாலும் ஒற்றைச் சவாரிச் சீட்டே மலிவாக முடியும். விலை கூடினாலும் அதையே வாங்கு என்பேன். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் போய் நின்று காசு எடுக்கும்போது "இன்னும் வேண்டுமா?" என்று ஒரு கேள்வி தானாக வரும். பாஸ் கழுத்தில் தொங்கினால் அந்தக் கேள்வி வராது.

குல்மர்க் போகும் நண்பருக்கு என் கருத்து இதுதான். சறுக்காதவர்களுக்கு வேடிக்கை பார்க்க ஒரு நாள், ஒரு சீட்டு. அதுவும் முதல் கட்டத்தோடு நிற்கலாம். அஃபர்வாட்டில் கடல்மட்டத்தில் உள்ள பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தில்லியிலிருந்து விமானத்தில் வந்து மறுநாளே அங்கே ஏறினால் நம் வயதில் மூச்சு முட்டாமல் இராது. இருதயக்காரர்களும் ரத்த அழுத்தக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். என் மனைவி, "காசு போனாப் போகட்டும், நான் வரல" என்று கோங்டூரியிலேயே உட்கார்ந்துகொண்டாள். எங்கள் ஐவரில் கணக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கோண்டோலாவுக்கு முன்பதிவு தேவைப்படும் நாட்களில் அதிகாரபூர்வ வழியில் நீங்களே பதிவு செய்யுங்கள். காற்றுக்கு மூடினால் பணம் எப்படித் திரும்பும் என்ற விதியைப் படித்துவிட்டே செய்யுங்கள். ஔலி போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜோஷிமட்டிலிருந்து ஏறும் ரோப்வே, 2023 ஜனவரியில் அங்கே நிலம் அமிழ்ந்தபோது நிறுத்தப்பட்டது. பழைய விளம்பரத்தை நம்பிக் காசு கட்டாமல் விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஜூரிக் நண்பர் விஷயம் சற்று வேறு. ஆல்ப்ஸ் மலையில் லிப்டுகள் பல. பாஸும் பல தினுசு. அரை நாள், ஒரு நாள், ஆறு நாள். ஒரே சரிவுக்கு, பக்கத்துப் பள்ளத்தாக்கையும் சேர்த்து என்று. பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குப் பகுதியில் சேர்ந்தாற்போல் 600 கிலோமீட்டர் சறுக்குப்பாதை. கேட்க ஜோராக இருக்கும். முதல் வாரம் கற்பவர் அதில் ஐந்து கிலோமீட்டரைக்கூட முழுசாகப் பார்க்கப்போவதில்லை. ஜெர்மாட்டில் சுவிஸ் பக்கத்துக்கு மட்டும் ஒரு பாஸ், இத்தாலியில் உள்ள செர்வினியாவையும் சேர்த்து ஒன்று. இரண்டாவதை எடுத்து எல்லை தாண்டியவர் திரும்பும் கடைசி லிப்டைத் தவறவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு சாலை வழியே மணிக்கணக்கில் வர வேண்டும். கடைசி வண்டியின் அருமை நம்மவர்களுக்குத் தெரியும். காற்றில் உச்சி லிப்ட் நின்றாலும் அதே கதி. பல ஊர்களில் கற்போருக்கென்று சின்ன லிப்டுகளுக்கு மட்டுமான சீட்டும், சறுக்காமல் ஏறி இறங்குவோருக்குத் தனிச் சீட்டும் உண்டு. ஜன்னலில் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் தருவார்கள். பாட்டி தாத்தாவுக்குப் பிந்தையது போதும். பிரான்சில் பாஸோடு சேர்த்து நாள் கணக்கில் மீட்புக் காப்பீடு விற்கிறார்கள். பெரிய பாஸில் மிச்சம் பிடித்து அதில் போடலாம்.

பேத்தி இந்தப் பிப்ரவரியில் மறுபடி குல்மர்க் போக வேண்டும் என்கிறாள். கால் சரியாகிவிட்டது, ஆடுகிறாள். இப்போது ஸ்ரீநகருக்கே ரயில் போகிறது; 2025 ஜூனில் செனாப் பாலம் திறந்த நாளிலிருந்து எனக்கும் அந்தப் பாதையைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. டிக்கெட் போட்டாயிற்று. "லிப்டுக்கு என்ன பாஸ் தாத்தா?" என்று கேட்டாள். பணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன், தினம் காலையில் அவளே ஜன்னலில் நின்று வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும். டைரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.