நிலாவைக் கட்டி வைத்திருப்பது யார்?

சித்தூரில் ஒரு தனியார் பள்ளியின் அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு வாங்கிய சார்ட்டில் பூமியைச் சுற்றி நீலக் கோடு. கோட்டுக்கு வெளியே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ‘ஈர்ப்பு விசை = 0’. பையனை விடுங்கள், சின்னப் பையன். பரிசு கொடுத்த இயற்பியல் ஆசிரியரைக் கேட்டேன். “டிவியில பாத்ததில்லையா சார், எல்லாரும் மெதக்கறாங்களே?” என்றார்.

சரி ஐயா, நிலாவைக் கட்டி வைத்திருப்பது யார்? அது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஈர்ப்பு பூஜ்யம் என்றால் அது என்றைக்கோ நேர்கோட்டில் கிளம்பிப் போயிருக்கும். திருமலையில் பௌர்ணமி கருட சேவையே நடக்காது.

மிதப்பவர்கள் கதைக்கு வருவோம். 2025இல் சுபான்ஷு சுக்லா போய்வந்த விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே ஏறக்குறைய 400 கி.மீ.தான். திருப்பதியிலிருந்து ஹைதராபாத்துக்குப் பஸ்ஸில் போகிற தூரம்கூட இல்லை. பூமியின் இழுப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் உண்டு. அவரும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தார்கள், அதனால் மிதந்தார். மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால் தரை எட்டுவதில்லை. கயிறு அறுந்த லிஃப்டில் நிற்பவனுக்கும் எடை தெரியாதுதான். அதற்காகப் பூமி இழுப்பதை நிறுத்திவிட்டது என்பானா?

நியூட்டன் 1687லேயே அச்சில் போட்ட கணக்கு. இரண்டு பொருள்களின் நிறையையும் பெருக்கு, தூரத்தின் வர்க்கத்தால் வகு. தூரம் இரட்டித்தால் இழுப்பு கால் பங்கு. மறுபடி இரட்டித்தால் அதில் கால். எத்தனை முறை வகுத்தாலும் பூஜ்யம் வராது. நிலா இருக்கும் இடத்தில் பூமியின் இழுப்பு இங்கிருப்பதில் 3,600இல் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய உருண்டைக்கு அது போதுமா என்று கேட்பார்கள். நிறை கூடக் கூட அதைத் திருப்புவது எவ்வளவு கடினமாகிறதோ, அதே அளவுக்கு இழுப்பும் கூடிவிடுகிறது. நிலாவும் சும்மா இல்லை, அதே விசையோடு பூமியைத் திருப்பி இழுக்கிறது. பூமி 81 மடங்கு கனம், அதனால் குறைவாக அசைகிறது. பெரியதுதான் சின்னதை இழுக்கும் என்பது நம் ஊர் அரசியல், இயற்பியல் அல்ல. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் வலை போடுகிறவரைக் கேளுங்கள், கடல் எதற்கு ஏறி இறங்குகிறது என்று.

2022இல் மாவட்டங்களைப் பிரித்ததில் ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. பஸ் வைத்துப் பிள்ளைகளை அழைத்துப்போய் ராக்கெட் காட்டுகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். டிவிக்காரர்களோ ‘ஈர்ப்பு விசையைக் கிழித்துக்கொண்டு’ என்று கத்துகிறார்கள். சந்திரயான்-3 எதையும் கிழிக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி நிலாவின் பக்கம் போனதும் எஞ்சினை எதிர்த்திசையில் இயக்கி வேகத்தைக் குறைத்தார்கள், நிலா பிடித்துக்கொண்டது. விண்வெளியில் ஈர்ப்பு இல்லையென்றால் பிடித்தது யார்?

விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்கிற இவர்களேதான் சனிப்பெயர்ச்சிக்கு நடுங்குகிறார்கள். பக்கத்தில் ஒன்றும் இழுக்காதாம். நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் சனி மட்டும் காலைப் பிடித்து இழுக்குமாம்! சனிக்காவது பூமியைப்போல் 95 மடங்கு நிறை இருக்கிறது. ராகு கேதுவுக்கு? வானத்தில் சூரியனின் பாதையை நிலாவின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். நியூட்டன் கணக்கில் போட்டுப் பார்த்தால் நிறை பூஜ்யம், விசையும் பூஜ்யம். காளஹஸ்தியில் பரிகார வரிசை மட்டும் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகிறது.