பொருளுக்கு நம் பெயர். பெயருக்கு நம் முகம்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள் பெரியவர்கள். ஆளுக்குச் சொன்ன இந்த வாக்கு, ஆள் செய்கிற பொருளுக்கும் பொருந்தும். நம் கொங்கு நாட்டுச் சிறுதொழில் செய்வோர் நல்ல பொருளைச் செய்வதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால், அப்பொருளை இரவல் சட்டை போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். எங்கோ யாரோ வரைந்த படம், எவருக்கோ எழுதிய வாசகம், அவற்றின் நடுவே தங்கள் பெயர். இதைத்தான் இரவல் சட்டை என்கிறேன்.

லேபிள், பை, பில் புத்தகம், பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு ஆகியவற்றைத் தனக்கென்றே, தொழில் தெரிந்தவரைக் கொண்டு வரைவித்து அச்சிடுவது பெரிய கம்பெனிகளின் ஆடம்பரம் என்று பலர் எண்ணுகின்றனர். சிறு வணிகருக்குத்தான் அது மிகவும் தேவை என்பது என் கருத்து. இது வகுப்பறையில் படித்து வந்த கருத்தன்று; வீட்டில் பட்டு வந்த கருத்து.

எங்கள் எண்ணெயும் அடுத்தவர் படமும்

காங்கேயத்துக்கு அருகில் எங்கள் ஊர். அப்பா செக்கு வைத்துத் தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறார். தாத்தா காலத்தில் லேபிள் கிடையாது. செம்பு கொண்டு வருவோருக்கு உழக்கில் அளந்து ஊற்றுவார். அவர் முகந்தான் லேபிள். அப்பா காலத்தில் எண்ணெய் பாட்டிலில் ஏறி வெளியூர்க் கடைகளுக்குப் போயிற்று. முகமும் கூடவே போக முடியுமா? எனவே பக்கத்து நகரத்து அச்சகம் ஒன்றுக்குப் போனார். கணினித் திரையில் பத்துப் படங்களைக் காட்டினார்கள். பிளந்த தேங்காய், பின்னால் தென்னந்தோப்பு, மேலே சூரியன். "இதையே போட்டுருங்க" என்றார் அப்பா. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. படத்துக்குக் காசில்லை, அச்சுக் கூலி மட்டும்.

ஒன்றரை ஆண்டு வரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் தாராபுரத்துக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க, உங்க எண்ணெய் காறல் வாசம் அடிக்குதுங்க. வாங்கினவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்து வெக்கறாங்க" என்றார். அப்பா பதறிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்திருந்த பாட்டில்களில் ஒன்றுகூட எங்களுடையதன்று. வேறு யாரோ ஆட்டிய எண்ணெய். ஆனால் அதே தேங்காய், அதே தோப்பு, அதே சூரியன்! பெயர் மட்டும் வேறு. பெயரை யார் படித்தார்கள்? படத்தைப் பார்த்து வாங்கினார்கள். படத்தைப் பார்த்தே வெறுத்தார்கள். அந்தப் பாதையில் ஏழு கடைகள் எங்கள் எண்ணெயை நிறுத்திவிட்டன. அவ்வாண்டு என் விடுதிச் செலவுக்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று.

யாரைக் குறை சொல்வது? அச்சகத்தார் கேட்டதைக் கொடுத்தார். அந்த எண்ணெய்க்காரரும் எங்கள் படத்தைத் திருடவில்லை. அவரும் திரையில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டியவர்தாம். முகத்தை இலவசமாக வாங்கிக் கொள்ளலாம் என்று நாங்கள் நினைத்ததே குற்றம்.

சிவகாசி தரும் பாடம்

படத்தின் வலிமை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1922-ஆம் ஆண்டில் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிள் தேவையால் அச்சுத் தொழில் வளர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்று நாடு புகழும் அச்சு நகரம் உருவான வழி அதுதான். தீப்பெட்டி லேபிளில் ஒரே ஒரு படம் நடுவில் பெரிதாக நிற்கும். எழுத்தறியாத பாட்டியும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினாள். படம் மாறினால் "இது வேண்டாம்" என்றாள். தீப்பெட்டியைவிட மலிவான பொருள் உண்டா? அதற்கே தனி முகம் வேண்டியிருந்தது!

அதே சிவகாசி நாள்காட்டிகளையும் அச்சிட்டது. கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் வீட்டுக்கு வீடு தொங்கின. மளிகைக் கடைக்காரரும் துணிக் கடைக்காரரும் ஒரே முருகன் படத்தின் அடியில் தத்தம் பெயரை அச்சிட்டு வழங்கினர். அதில் தவறில்லை. முருகன் எல்லோருக்கும் பொது, நாள்காட்டி அன்பளிப்பு. ஆனால், லேபிள் அன்பளிப்பன்று, அது வாக்குறுதி. "இது நான் செய்தது, குறையிருந்தால் என்னைக் கேள்" என்று சொல்வது. பொதுப் படத்தில் அந்த வாக்குறுதியை எழுத முடியாது. நாள்காட்டிக்கு ஏற்ற வழக்கத்தை லேபிளுக்கும் கொண்டு வந்ததுதான் நாம் செய்த பிழை.

பின்னுவது நாம், பெயர் யாருடையது?

நம் கொங்கு நாட்டைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம். திருப்பூரில் பின்னித் தைக்கும் பனியன் ஆடைகள் கடல் கடந்து செல்கின்றன. உழைப்பு நம்முடையது, அவற்றுள் பெரும்பாலானவற்றின் கழுத்தில் தைக்கும் பெயரோ அயல்நாட்டு நிறுவனங்களுடையது. தைத்தவருக்குத் தையற்கூலி, பெயருக்கு உரியவருக்குப் பெயரின் விலை. இரண்டுக்கும் உள்ள தூரத்தைத் திருப்பூர்க்காரர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஈரோட்டு மஞ்சளை எண்ணிப் பாருங்கள். மூட்டையில் இருக்கும் வரை அது வெறும் மஞ்சள். விலையை நிர்ணயிப்பது சந்தை. ஈரோட்டுப் பக்கம் பி.சி. துரைசாமி 1975-ஆம் ஆண்டில் மஞ்சள் வணிகராகத்தான் தொழில் தொடங்கினார். பின்னர் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் என்று பொட்டலத்தில் பெயரிட்டு விற்கத் தொடங்கியபோதுதான் 'சக்தி மசாலா' என்ற பெயர் அடுக்களை தோறும் புகுந்தது. பொருள் நன்றாக இருந்ததால் பெயர் நிலைத்தது என்பது உண்மை. அந்த நல்ல பொருளை அடுத்த மாதமும் தேடிப்பிடிக்கப் பெயரும் பொட்டலமும் இருந்தன என்பதும் அதே அளவு உண்மை.

"எங்கள் ஊர்ப் பெயரே போதுமே!" என்று கேட்பவர் உண்டு. 1955-ஆம் ஆண்டில் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. பவானி ஜமக்காளமும் பெற்றிருக்கிறது. ஈரோடு மஞ்சள் 2019-இல் பெற்றது. இவை நமக்குப் பெருமை. ஆனால், ஊர்ப் பெயர் ஊராருக்கெல்லாம் சொந்தம். அது தெரு வரைக்கும் வழி காட்டும், வீட்டைக் காட்டாது. விசைத்தறியில் நெய்த போலி ஜமக்காளம் பவானிப் பெயரில் விற்கப்படுவதாகக் கைத்தறி நெசவாளர்கள் முறையிட்டு வருகின்றனர். ஊர்ப் பெயரோடு தன் குறியும் சேர்ந்திருந்தால்தான் வாங்குபவர் உண்மையான தறியைத் தேடி வர முடியும்.

'டிசைன் இலவசம்'

இன்று பல அச்சகங்களின் வாசலில் 'டிசைன் இலவசம்' என்ற வாசகம் தொங்குகிறது. ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த நாளில், படம் வேண்டுமானால் பிளாக் செய்ய வேண்டும்; அதற்குச் செலவாகும். அதனால், வேண்டுமா வேண்டாமா என்று பத்து முறை யோசித்தார்கள். கணினி வந்தபின் படம் கைசொடுக்கில் வருகிறது, யோசனை போய்விட்டது. வானவில்லைப் போல ஏழு நிறம், நான்கு வகை எழுத்து, மூலையில் ரோஜாப் பூ! 'எண்ணெய்' என்ற சொல்லையே 'எண்னெய்' என்று அச்சிட்ட லேபிளை நம் தமிழ்த்துறை மாணவர்கள் பார்த்ததில்லையா? இலவசமாக வந்ததைத் திருத்தத்தான் யாருக்கு மனம் வரும்?

அடிபட்ட பிறகு அப்பா கோவையில் ஒரு வரைகலைஞரைத் தேடிப் போனார். பெயர்ப்பலகை எழுதிப் பழகி, பின்னாளில் கணினி கற்றவர். அவர் கேட்ட கூலி ஆறாயிரம். "நாலு கோடு போட ஆறாயிரமுங்களா?" என்றார் அப்பா. அவர் வாதாடவில்லை. கடையிலிருந்து வாங்கி வந்த ஆறு எண்ணெய் பாட்டில்களைத் திண்ணையில் வரிசையாக வைத்தார். அப்பாவைப் பத்தடி தள்ளி நிறுத்தி, "உங்க எண்ணெய் எதுன்னு காட்டுங்க" என்றார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் நின்றார் அப்பா.

மறுவாரம் அவர் எங்கள் செக்கடிக்கு வந்து அரை நாள் இருந்தார். யார் வாங்குகிறார்கள், கடையில் எந்தத் தட்டில் வைக்கிறார்கள், எண்ணெய் பட்டால் தாள் ஊறுமா என்றெல்லாம் கேட்டார். பரணில் கிடந்த தாத்தாவின் பித்தளை உழக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். அந்த உழக்குதான் இன்று எங்கள் குறி. இரண்டே நிறம். ஏன் இரண்டே நிறம் என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றும் பாடம். துணிப்பையில் ஸ்கிரீன் அச்சடிக்கும்போது நிறத்துக்கு ஒரு சட்டம் கட்ட வேண்டும்; நிறம் கூடக் கூடக் கூலி கூடும். ரப்பர் முத்திரையிலோ ஒரே நிறந்தான். பையிலும் பில்லிலும் முத்திரையிலும் ஒன்றுபோல விழுகிற குறியே நல்ல குறி. 1876-இல் இங்கிலாந்தில் வணிகக் குறிப் பதிவு தொடங்கியபோது முதலாவதாகப் பதிவானது சிவப்பு முக்கோணம் கொண்ட குறிதான் என்பதைப் பின்னர் நூலகத்தில் படித்து வியந்தேன்.

லேபிளில் சட்டம் கேட்கும் செய்திகளுக்கும் அவர் முதலிலேயே இடம் ஒதுக்கினார். நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த நாள், முகவரி, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண், சைவத்தைக் குறிக்கும் பச்சைப் புள்ளி எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்தன. முன்பு இவற்றில் பாதியை அப்பா ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

இழந்த ஏழு கடைகளில் நான்கு திரும்பி வந்தன. மூன்று இன்னும் வரவில்லை. மந்திரத்தால் மாங்காய் விழுந்துவிடவில்லை. ஆனால், சென்ற பொங்கலின்போது கடைக்கு வந்த ஒரு சிறுமி, "உழக்குப் படம் போட்ட எண்ணெய் கொடுங்க" என்று கேட்டதை அப்பா தம் காதால் கேட்டார். அடகு வைத்த வளையலும் வீட்டுக்கு வந்தது.

மறுப்பும் விடையும்

"சரக்கு நன்றாக இருந்தால் தானே விற்கும்" என்பர் சிலர். விற்கும், செய்தவர் கண்ணெதிரே நிற்கும் வரை விற்கும். கண்ணுக்கு எட்டாத ஊரில் சரக்கை யார் அறிமுகப்படுத்துவது? "கெட்ட சரக்கையும் அழகான லேபிள் விற்றுவிடாதா?" என்பர் வேறு சிலர். ஒரு முறை விற்கும். மறு முறை அந்த லேபிளே காட்டிக் கொடுத்துவிடும். தனி முகம் உள்ளவன் தவறு செய்ய அஞ்சுவான். அதனால் வாங்குபவருக்கும் நன்மையே.

"முதலுக்கே வழியில்லை, இதற்கு ஏது பணம்?" என்பதுதான் நியாயமான கேள்வி. ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். முதலில் குறி, அடுத்து லேபிள், பிறகு பை. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. நல்ல மஞ்சப்பை ஆண்டுக் கணக்கில் சந்தைக்கும் பேருந்துக்கும் போய் வரும். கூலி வாங்காத விளம்பரப் பலகை அது!

குறி கிடைத்ததும் அதைக் காப்பாற்றவும் வேண்டும். வரைந்தவரிடமிருந்து உரிமையை எழுத்து மூலம் பெற வேண்டும். வாய்ச் சொல் போதாது. வணிகக் குறியாகப் பதிவு செய்ய, 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். கோயில் நோன்பிக்குச் செய்யும் செலவைவிட இது பெரிதா?

நம் கல்லூரி என்ன செய்யலாம்?

நம்முள் பலர் தறிக்காரர், செக்குக்காரர், பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பட்டம் வாங்கியதும் வேறு வேலை தேடி ஓடுகிறோம்; நம் வீட்டுப் பொருளின் லேபிளை ஒரு நாளாவது படித்துப் பார்த்தோமா? தமிழ் பயில்வோர் பிழை திருத்தலாம். வணிகவியல் பயில்வோர் பதிவு விண்ணப்பம் நிரப்பித் தரலாம். வரையத் தெரிந்தவர் வரையலாம். ஆனால், உரிய கூலி பெற்றுக்கொண்டு வரையட்டும். இலவசமாகச் செய்தால் பழைய நோயையே வளர்த்தவர்கள் ஆவோம்.

நொய்யல் கரையில் கொடுமணல் என்றோர் ஊர். அங்கே அகழ்ந்தபோது கிடைத்த பானை ஓடுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் மக்கள் தமிழி எழுத்தில் தம் பெயரைக் கீறி வைத்திருக்கக் கண்டனர். பானை உடைந்தது, பெயர் உடையவில்லை. மண்பானைக்கே தன் பெயரைக் கொடுத்த மரபில் வந்த நாம், அடுத்தவர் முகத்தைக் கடன் வாங்கலாமா? நம் பொருளுக்கு நம் பெயரைக் கொடுப்போம். பெயருக்கு நம் முகத்தைக் கொடுப்போம். அதை வரைந்தவருக்கு அவர் கூலியைக் கொடுப்போம்!